மலைக்கு எவரும் நடந்து போவதில்லை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரிலிருந்து ஊட்டிக்கு எவரும் நடந்து போவதில்லை. ஊரில் ரயில் நிலையம் கிடையாது. செங்கல்பட்டுக்கோ காஞ்சிபுரத்துக்கோ பஸ் பிடித்து, அங்கிருந்து சென்னை சென்ட்ரல் சேர்ந்து, இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கே மலை ரயில் நிற்கும். 46 கிலோமீட்டர் தூரம், 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைப்பாதைகள். சுமார் 330 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,200 மீட்டரில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. குன்னூர் வரை 1899-லும் உதகை வரை 1908-லும் ஓடத் தொடங்கிய ரயில் இது. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமலே மனிதர்கள் மலையேற வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை பாறையையும் குடைந்தார்கள்.

கால் நன்றாக இருப்பவரும் வண்டியில்தான் மலைக்குப் போகிறார். வண்டி நின்ற பிறகுதான் ஆளுக்கு ஆள் வேறுபாடு தொடங்குகிறது. காட்சிமுனைக்கு ஏறும் படிகள், கைப்பிடி இல்லாத சரிவு, எட்டி ஏற வேண்டிய சஃபாரி வேன், சக்கர நாற்காலி நுழையாத கழிப்பறைக் கதவு என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வருகின்றன. ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தை எல்லோருக்குமாகக் கடத்திக் கொடுத்த அரசு, கடைசி இருநூறு மீட்டரை மட்டும் அவரவர் முழங்காலிடம் ஒப்படைத்துவிட்டது. அந்தக் கடைசி இருநூறு மீட்டரும் அரசின் பொறுப்புதான்.

சாய்தளம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட நெறிமுறை இருக்கிறது. ஓரடி உயர்வுக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும் என்கிறது அது. நீலகிரி மலை ரயில் பல்சக்கரத்தின் பிடியில் ஏறும் மிகச் செங்குத்தான பகுதியின் சரிவும் ஏறத்தாழ இதே அளவுதான். நீராவி எஞ்சினுக்காக நூறு ஆண்டுகளுக்கு முன்பே நமது மலையில் கணக்குப் போட்டுச் செதுக்கிய சரிவை, சக்கர நாற்காலிக்காகச் செய்ய முடியாது என்று எந்தப் பொறியாளரும் சொல்ல மாட்டார்.

யாருக்காக இதெல்லாம் என்ற கேள்வி வரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் சுமார் 54 லட்சம் பேருக்கு நடமாட்டத்தில் குறைபாடு. தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். நாட்டின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில்தான் பதிவானது என்பதால், சிறுவயதில் போலியோ தாக்கிய ஒரு தலைமுறை இன்று நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறது. உத்திரமேரூர் வட்டாரக் கிராமங்களில் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரில் ரேஷன் கடைக்கும் வங்கிக்கும் போய்வருகிறவர்கள் பலர் அந்தத் தலைமுறையினர்.

முதியவர்கள் கணக்கு தனி. அறுபது வயதைக் கடந்தவர்களின் பங்கில் கேரளத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. 2021 மதிப்பீட்டில் நூற்றுக்கு 13 பேருக்கு மேல். நாற்று நட்டும் களை எடுத்தும் முதுகும் மூட்டும் தேய்ந்த பெண்களின் பெயர் எந்தக் கணக்கெடுப்பிலும் மாற்றுத்திறனாளி என்று வராது. ஆனால் கோடையில் ஊரே வேன் பேசிக் கிளம்பும்போது, “உனக்கு அங்கெல்லாம் ஏற முடியாது, வீட்டைப் பாத்துக்கம்மா” என்ற சொல்லைக் கேட்கிறவர்கள் அவர்கள்தான்.

மலை பார்ப்பது ஆடம்பரம், முதலில் ஓய்வூதியமும் வேலையும் கிடைக்கட்டும் என்பார்கள். சட்டம் அப்படி வரிசை போடவில்லை. 2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு, பொழுதுபோக்கு இடங்களோடு சுற்றுலா இடங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 29-ஆவது பிரிவில், பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமையைத் தருகிறது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் சீரமைக்க வேண்டும் என்கிறது 45-ஆவது பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. அந்தக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துபோனது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகல் நெறிமுறைகளை வெறும் பரிந்துரைகளாக நடத்திய விதியைச் செல்லாது என்றது. மீற முடியாத குறைந்தபட்ச விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. வனத்துறையின் விடுதி, டிக்கெட் கவுன்ட்டர், கழிப்பறை, காட்சிமேடை ஆகியவற்றுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

மனம் வைத்தால் மலையை மனிதருக்குப் பக்கத்தில் கொண்டுவர முடியும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று தேடிப் போக வேண்டியதில்லை. பழனி மலைக்கு 693 படிகள். அங்கே 1966-இல் விஞ்ச் வந்தது, 2004-இல் ரோப் கார் வந்தது. பக்கத்து ராணிப்பேட்டை மாவட்டத்துச் சோளிங்கரில் யோக நரசிம்மரைப் பார்க்க 1,305 படிகள் ஏற வேண்டியிருந்தது. முடியாதவர்களை டோலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். 2024 மார்ச்சில் அங்கேயும் ரோப் கார் ஓடத் தொடங்கியது. முழங்கால் வலியோடு சாமி கும்பிட வருகிறவருக்கு வழி செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து எழவில்லை. அதே முழங்காலோடு காட்டைப் பார்க்க வருகிறவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு தயக்கம்?

காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இன்னொரு முரண் கண்ணெதிரே நிற்கிறது. திருமுக்கூடல், மதூர் பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. குன்றை உடைத்து ஜல்லியாக்கி எடுத்துப் போகிற லாரிக்கு மலையடி வரை, பள்ளத்தின் அடி வரை வழி கிடைக்கிறது. மலையை உடைக்கப் போகிறவருக்குக் கிடைக்கும் பாதை, அதைப் பார்க்கப் போகிறவருக்குக் கிடைக்கவில்லை.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் பொருட்படுத்த வேண்டிய வாதம் ஒன்று உண்டு. தேசியப் பூங்கா வனவிலங்குகளுக்கானது. மனிதர்களின் வசதிக்காக அங்கே கான்கிரீட் கொட்டினால் காடு கெடும் என்பது அந்த வாதம். சரியான கவலைதான். வரையாடுகளுக்காகப் பாதுகாக்கப்படும் முக்கூர்த்தியில், 78 சதுர கிலோமீட்டர் புல்வெளியிலும் சோலையிலும் யாருக்காகவும் எந்தக் கட்டுமானமும் வேண்டாம். முதுமலைக்குள்ளோ ஆனைமலைக்குள்ளோ ரோப் கார் போடவும் வேண்டாம். சுற்றுலாப் பயணிகளை ஏற்கெனவே அனுமதித்திருக்கும் இடத்தில், மற்றவர்கள் நின்று பார்க்கும் அதே இடத்துக்கு நடக்க முடியாதவர்களும் வர வேண்டும் என்பதுதான் கேட்பது. புதிதாக ஒரு மரத்தையும் வெட்டாமல் இதைச் செய்யலாம்.

முதுமலையையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே சஃபாரி போகும் பயணி எவரும் காட்டுக்குள் கீழே இறங்கக் கூடாது. ஓட்டப்பந்தய வீரரும் ஊன்றுகோல் பிடித்தவரும் அந்த வேனில் ஒரே மாதிரி உட்கார்ந்துதான் யானையையும் காட்டெருமையையும் பார்க்க முடியும். வேனுக்குள் ஏறிவிட்டால் எல்லோரும் சமம். ஏறுவதற்குத்தான் வழி இல்லை. மடித்து வைக்கும் சாய்தளமோ சிறிய லிஃப்டோ பொருத்திய ஒரு வேன் அந்தக் குறையைத் தீர்க்கும். தெப்பக்காடு யானைகள் முகாமில் யானைக்கு உணவூட்டுவதைப் பார்க்கும் இடம் வரை கெட்டித்த சமதரை இருந்தால் போதும். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் பேட்டரி கார்கள் ஓடுகின்றன. அதே வனத்துறைக்கு மலையில் மட்டும் வழி தெரியாமல் போகாது.

அமெரிக்காவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் ஸ்ப்ரேக் ஏரி என்று ஒன்று உண்டு. உயரம் சுமார் 2,650 மீட்டர். நமது தொட்டபெட்டா 2,637 மீட்டர். அந்த ஏரியைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக, சக்கர நாற்காலி போகும்படி மண்ணை இறுக்கிய பாதை போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் கூடாரத்தில் இரவு தங்கவும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். யோசெமிட்டி பூங்காவில் மிரர் ஏரிக்குப் போகும் சாலையில் மற்ற வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மாற்றுத்திறனாளி அட்டை வைத்த கார் மட்டும் எச்சரிக்கை விளக்கை எரியவிட்டபடி மெதுவாகப் போகலாம். இங்கேயும் நெரிசலைக் குறைக்கச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. வண்டிகளைக் குறைப்பது நல்லது. குறைக்கும்போது, நடக்க முடியாதவரின் வண்டியைக் கடைசியாகத் தடுக்க வேண்டும்.

போட்டதைப் பராமரிப்பது அடுத்த பாடம். மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. கடலை அத்தனை நாளும் தூரத்திலிருந்தே பார்த்தவர்கள் சக்கர நாற்காலியில் அலைக்கு அருகே போனார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. சீர்செய்து மீண்டும் திறந்தார்கள். திறப்பு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தோடு பழுதுபார்ப்புக்கும் ஆண்டுதோறும் ஒதுக்கினால்தான் மழையும் மண்சரிவும் மிகுந்த மலையில் எந்தப் பாதையும் நிற்கும்.

உத்திரமேரூர் இதில் அரசுக்குச் சொல்லித்தரக்கூடிய விஷயமும் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே எல்லோரும் பேசுவார்கள். ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம், தோட்டத்தைக் கவனிக்கத் தோட்ட வாரியம் என்று பிரித்து, 360 நாள் பதவிக்காலம் வைத்து, கணக்குக் காட்டாமல் போனவரை மறுபடி வாரியத்தில் சேர்க்கக் கூடாது என்று எழுதி வைத்த கல்வெட்டுகளும் அவையே. நிலமும் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான சபைதான் அது. ஆனால் பொறுப்பையும் கணக்கையும் பெயர் குறித்து ஒப்படைக்கும் அந்தக் கறார் இன்றைய பூங்கா நிர்வாகத்துக்குத் தேவை. ஒவ்வொரு சுற்றுலா மண்டலத்துக்கும் ஓர் அணுகல் குழு அமைக்க வேண்டும். அதில் பாதிப்பேராவது சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் பயன்படுத்துகிறவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் போய்ப் பார்த்துச் சரி என்று கையெழுத்திட்ட பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணம் போக வேண்டும்.

ஊருக்கு அருகிலேயே தொடங்கலாம். 2019 வரை இதே மாவட்டத்தில் இருந்து, இப்போது செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போன வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022 முதல் ராம்சர் தலங்கள். மலையும் இல்லை, சரிவும் இல்லை. வேடந்தாங்கலில் ஏரிக்கரை நடைபாதை இருக்கிறது. பார்வைக் கோபுரத்துக்குத்தான் படி ஏற வேண்டும். கோபுரத்தின் காலடியில், உட்கார்ந்தவரின் கண்மட்டத்துக்குத் தாழ்வாகப் பொருத்திய ஒரு தொலைநோக்கியும், இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் நிறுத்த வாசலருகே இடமும் இருந்தால், நவம்பர் சீசனில் உத்திரமேரூர்க்காரர் யார் துணையும் இல்லாமல் போய் நத்தைக்குத்தி நாரையைப் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்புவார்.

வழித்துணை வேண்டிய மாற்றுத்திறனாளிக்கு ரயிலில் 75 விழுக்காடு வரை கட்டணச் சலுகை இருக்கிறது. கூட வருகிறவருக்கும் உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு டிக்கெட்டே இல்லை. சென்னையில் 2024 முதல் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடுகின்றன. தாலுகா ஊர்களிலிருந்து கிளம்பும் பேருந்துகளில் இன்னும் உயரப் படி ஏறித்தான் ஆக வேண்டும். காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் போகும் தடங்களில் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தாழ்தளப் பேருந்தாவது ஓட வேண்டும். மலைப்பயணத்தின் முதல் படி உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில்தான் இருக்கிறது.

வனத்துறையிடம் கேட்பவை இவை. முதுமலை, ஆனைமலை இரண்டிலும் பயணிகள் பகுதியில் சரிவு அளவு பார்த்துப் போட்ட ஒரு குறும்பாதை; முன்பதிவு செய்யக்கூடிய, சாய்தளம் உள்ள ஒரு சஃபாரி வேன்; அகலக் கதவுள்ள ஒரு கழிப்பறை; துணைக்கு வருகிறவருக்குக் கட்டணமில்லா அனுமதி. இந்த நான்கையும்விட எளியது இன்னொன்று: எந்த இடத்தில் எத்தனை படி, எவ்வளவு சரிவு, கைப்பிடி உண்டா என்ற உண்மையான விவரம், படத்தோடு. இதற்கு ஒரு மூட்டை சிமென்ட்கூடச் செலவாகாது. அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. படி இல்லாத பாதை என்று நான்காவது வகை ஒன்றைச் சேர்த்து, அதன் முதல் பட்டியலை வரும் டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளன்று வனத்துறை வெளியிட வேண்டும்.