புதுக்கோட்டை அனுபவம் மாநாட்டு மேடை ஏற வேண்டாமா?

பக்கவாதத்தால் வலது கை முடங்கிய ஜெகதாப்பட்டினத்து மீனவர் ஒருவர், சில மாதப் பயிற்சிக்குப் பிறகு மறுபடியும் வலை பின்னத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி கொடுத்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ன செய்தார், எது பலன் தந்தது? ஃபைலில் இரண்டு வரி இருக்கும். அவர் மாற்றலாகிப் போனால் அந்த அனுபவமும் அவரோடு போய்விடும். அதைப் பிறருக்குச் சொல்லும் முதல் படிதான் ஆய்வுச் சுருக்கம்.

இது ஏன் முக்கியம்?

குளிப்பது, உடுத்துவது, வேலைக்குப் போவது என அன்றாட வாழ்க்கையை நோயாளிக்கு மீட்டுத் தருவது ஆக்குபேஷனல் தெரபி எனும் செயல்முறை சிகிச்சை. 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பள்ளியைத் தொடங்கினார் கமலா நிம்ப்கர். 1952-ல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது, அதைத் தொடங்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

ஆனால் நாம் பயன்படுத்தும் பல அளவுகோல்கள் வெளிநாட்டில் பிறந்தவை. 1965-ல் அமெரிக்காவில் வெளியான பார்தெல் அளவுகோலில், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கு மதிப்பெண் உண்டு. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ ஒரு பாட்டிக்குத் தேவைப்படுவது இரண்டாவதுதானே? இதைச் சொல்ல வேண்டியவர்கள் இங்கே வேலை பார்ப்பவர்கள்தான்.

சரி, எப்படி எழுதுவது?

பெரும்பாலும் 250 முதல் 300 சொற்கள். பின்னணி, நோக்கம், செய்த முறை, முடிவு, அதனால் என்ன பயன் என்ற ஐந்தும் இருந்தால் போதும். நூறு நோயாளிகள் வேண்டும் என்று பயப்பட வேண்டாம். ஒரே நோயாளியின் அனுபவத்தைக்கூட ஏற்கும் மாநாடுகள் உண்டு.

'நல்ல முன்னேற்றம் தெரிந்தது' என்று எழுதினால் எடுபடாது. பயிற்சிக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று எண்ணைச் சொல்லுங்கள். 'முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்' என்ற வரி மதிப்பீட்டாளருக்கு எதையும் சொல்வதில்லை. பல மாநாடுகளில் எழுதியவர் யார் என்று தெரியாமலேதான் மதிப்பிடுவார்கள். அதனால் உங்கள் பெயரோ மருத்துவமனை பெயரோ சுருக்கத்துக்குள் வரக்கூடாது. கடைசித் தேதிவரை காத்திருக்காமல், துறைக்கு வெளியே ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்குப் புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அனுமதி வாங்க வேண்டுமா?

கண்டிப்பாக. நோயாளியின் எழுத்துபூர்வ சம்மதமும், ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவை. ஒப்புதலை ஆய்வு தொடங்கும் முன்பே பெற வேண்டும். முடித்துவிட்டுக் கேட்க முடியாது. மாவட்டங்களில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். தனியாக கிளினிக் நடத்துபவரோ சிறப்புப் பள்ளியில் வேலை பார்ப்பவரோ எந்தக் குழுவிடம் போவார்?

இங்கேதான் அரசு கைகொடுக்க வேண்டும். புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மாவட்டத்தின் செயல்முறை சிகிச்சையாளர்கள் தங்கள் ஆய்வுத் திட்டத்தை அங்கே சமர்ப்பிக்க ஒரு வழி செய்து கொடுக்கலாம். சுருக்கம் தேர்வானவர்களுக்கு மாநாட்டு நாட்களைப் பணி நாட்களாகக் கருதலாம். பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்கலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது நாடு முழுக்கப் பேசப்பட்டது. காரணம், நடந்ததை யாரோ எழுதி வைத்தார்கள். எழுதாத வேலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடுத்த ஊருக்குத் தெரியாது. அடுத்த மாநாட்டு அறிவிப்பு வரும்போது இந்த மாவட்டத்திலிருந்தும் சில சுருக்கங்கள் போகட்டும்.