வீட்டில் குழந்தை காப்பகம்: வழக்கு வந்தால் வீடு போய்விடுமா?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் காலை எட்டரை மணிக்குப் பார்த்தால் தெரியும். ஆபீசுக்கு ஓடும் தம்பதிகள் இடுப்பில் குழந்தையும் கையில் பால் புட்டியுமாக ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நிற்பார்கள்.

ஹாலும் ஒரு அறையும்தான் காப்பகம். வீட்டு அம்மாளே முதலாளி, அவரே ஆயா. கம்பெனியும் இல்லை, போர்டும் இல்லை.

ஒரு குழந்தை மாடிப்படியில் உருண்டுவிட்டால்? பெற்றோர் நஷ்டஈடு கேட்டு கோர்ட்டுக்குப் போனால்?

சட்டத்தின் கண்ணில் தொழில் வேறு, அம்மாள் வேறு அல்ல. தீர்ப்பான தொகைக்கு அவர் பேரில் உள்ள பிளாட், பாங்கு பணம், நகை எல்லாமே பதில் சொல்ல வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி போன்றவற்றை ஜப்தியில் இருந்து காப்பாற்றுகிறது. சென்னையில் குடியிருக்கும் பிளாட்டுக்கு அந்த விலக்கு கிடையாது.

"வீடு எங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு" என்பார்கள். அவருக்குத் தொழிலிலும் தவறிலும் பங்கு இல்லை என்றால் சரி. இருவரும் கூட்டாக நடத்தினால், 1932-ம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி இருவருமே முழுப் பொறுப்பு.

செல்லாத சீட்டு

"எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்று எழுதி வாங்கி வைப்பவர்கள் உண்டு. அதை நம்ப முடியாது. 1960-களில் சென்னை ஐகோர்ட்டுக்கு ஒரு லாண்டரி வழக்கு வந்தது. துணி தொலைந்தால் விலையில் ஒரு பகுதிதான் தருவோம் என்று ரசீதில் அச்சடித்த நிபந்தனை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. புடவைக்கே இந்த நியாயம் என்றால் பிள்ளைக்கு?

வழக்கு வந்தபின் மகன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதுவதும் உதவாது. கடன்காரரை ஏமாற்ற எழுதியது என்று தெரிந்தால், சொத்து மாற்றுச் சட்டம் 53-வது பிரிவின்படி அது ரத்தாகும்.

என்னதான் வழி?

2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி ஒரே ஆள் கம்பெனி தொடங்கலாம். கம்பெனிக் கடன் கம்பெனியோடு போகும். ஆனால் பாங்கில் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அந்தக் கவசம் போச்சு. தன் கவனக்குறைவால் குழந்தைக்கு அடிபட்டாலும் போச்சு. தானே ஆயாவாக இருப்பவருக்கு இது அரைப் பாதுகாப்புதான்.

அதனால் பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் முக்கியம். வெறும் வீட்டு பாலிசியை நம்பி இருக்கக்கூடாது. வீட்டில் தொழில் நடப்பதைச் சொல்லாமல் விட்டால், பணம் கேட்கும்போது கையை விரித்து விடுவார்கள்.

எல்லாம் இருந்தும் ஒன்று பாக்கி. அலட்சியத்தால் உயிர் போனால் அது கிரிமினல் வழக்கு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. எந்த கம்பெனியும் எந்த பாலிசியும் நமக்காக ஜெயிலுக்குப் போகாது.

மாடிப்படிக்கு ஒரு கதவு, சம்ப்புக்கு ஒரு மூடி. வக்கீல் பீசைவிட இது மலிவு!