சப்தத்தை விசாரியாமல் தீர்ப்பா?

என்ஜினில் தட்டும் சப்தம் எழுந்த மாத்திரத்திலேயே அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டுவதே விவேகம் என்று வாதிக்கும் நண்பர், அந்தச் சப்தத்தின் காரணத்தை விசாரிக்கவே இல்லை என்பதுதான் அவர் வாதத்தின் பிரதான தோஷம். மேட்டில் ஏறும்போது மட்டும் கேட்கும் கிணுகிணுப்பு, பெட்ரோலின் ஆக்டேன் குறைவாலோ, இக்னிஷன் டைமிங் முந்திப்போனதாலோ நேர்வது. பழைய அம்பாசடரில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பினாலே பெரும்பாலும் அடங்கிவிடும் அந்த உபத்திரவத்துக்காக ஒரு என்ஜினையே பலியிடுவது அநியாயம்.

ஆயில் பிரஷர் இறங்கி, ஆழ்ந்த இடிப்புக் கேட்குமாயின், கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்திருக்கிறதென்று சந்தேகிப்பது நியாயமே. ஆனால் அப்போதும், கிராங்க் ஷாப்டை அளந்து, அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30 பங்கு என்ற படிகளில் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற கனத்த பேரிங்குகளைப் பொருத்துவது நம் பட்டறைகளுக்குக் கைவந்த வித்தை அல்லவா?

பிளாக்கில் விரிசல் கண்டிருந்தாலோ, ராட் முறிந்து அதைத் துளைத்திருந்தாலோ, மாற்றுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆயினும் பழைய சாமான் கடையிலிருந்து வரும் என்ஜினின் பூர்வ சரித்திரத்தை எவர் அறிவார்? என்ஜின் எண் மாறினால் ஆர்.சி. புத்தகத்தையும் திருத்தியாக வேண்டும்; இதை நண்பர் சொல்லவேயில்லை.

ஆதலால் வாசகர்களே, இடிப்புக் கேட்டால் வண்டியை உடனே நிறுத்துங்கள். ஆயில் சம்பைக் கழற்றிப் பார்க்கும்வரை எந்த என்ஜினுக்கும் விலை பேசாதீர்கள்.