தவிசாளர்களை மடுவுக்கு அனுப்புங்கள்

சோளகம் காய்ந்து வீசும் ஆகஸ்ட் மாதத்தில் மன்னார்ப் பெருநிலத்தின் காட்டுக்குள் ஒரு நகரம் எழும்புகிறது. மருதமடு அன்னையின் திருவிழாவுக்குக் கொடியேறியதும் மரங்களுக்கிடையே தறப்பாள் கொட்டில்கள் முளைக்கத் தொடங்கும். 15ஆம் திகதி விடியும்போது அங்கே சில லட்சம் பேர் கூடியிருப்பார்கள். 2012 கணக்கெடுப்பின்படி மன்னார் மாவட்டம் முழுவதற்குமான சனத்தொகையே ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவுதான். திருவிழா முடிந்ததும் சனம் கலைய, காடு மறுபடி காடாகிவிடும்.

அந்த நகரத்துக்கு மாநகர சபை கிடையாது. ஆனால் திட்டம் உண்டு. கொடியேற்றத்துக்கு முன்பே அரசாங்க அதிபர், ஆயர் இல்லத்தார், திருத்தலப் பரிபாலகர், பிரதேச சபை, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, சுகாதாரப் பகுதி, பொலிஸ், போக்குவரத்து என்று எல்லோரும் ஒரே மேசையில் அமர்கிறார்கள். எத்தனை மலசலகூடம் வேண்டும், தண்ணீர்ப் பவுசர் எங்கே நிற்கும், குப்பை எந்தப் பாதையால் வெளியேறும், நோயாளர் காவு வண்டி நுழைய எந்த வழியைத் திறந்து வைப்பது என்று பேசி முடிவெடுக்கிறார்கள். ஒரு நகரத்தைத் திட்டமிடுவதென்றால் முதலில் இவைதான். வறண்ட மண்ணில், கிணறுகள் இறங்கிக் கிடக்கும் மாதத்தில், இதை ஆண்டுதோறும் செய்து பழகிய இடம் மடு. வடக்கின் உள்ளூராட்சித் தலைவர்களுக்குக் காலநிலைப் பயிற்சி கொடுக்க வேறு வகுப்பறை தேடத் தேவையில்லை என்பேன்.

பயிற்சிக்கான தேவையை 2025 நவம்பர் காட்டிவிட்டது. உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6இல். இடையில் இரண்டு வருடங்களுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகளே இல்லை. புதிதாக வந்தவர்கள் பதவியேற்று ஆறு மாதம் நிறையும் முன் டித்வா புயல் அடித்தது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அருவி ஆறு பெருகி மன்னாரில் வயல்களும் ஊர்களும் மூழ்கின, கால்நடைகள் மாண்டன.

இந்த ஆறு நம்முடைய மாவட்டத்தில் பிறப்பதல்ல. சிங்களத்தில் மல்வத்து ஓயா என்று பெயர் கொண்டு, அநுராதபுரத்தைக் கடந்து, 164 கிலோமீற்றர் ஓடி அரிப்புப் பக்கம் கடலில் விழுகிறது. மேலே பெய்யும் மழையும் அங்குள்ள குளங்களின் வான்கதவுகளும்தான் கீழே நம் வெள்ளத்தைத் தீர்மானிக்கின்றன. தேக்கம் அணைக்கட்டில் மறிக்கப்படும் இதே ஆற்றுநீர்தான் கட்டுக்கரைக் குளத்தை நிரப்பி வயல்களுக்கு உயிர் கொடுக்கிறது. ஆகஸ்டில் பவுசருக்குக் காத்திருக்கும் அதே நிலம் நவம்பரில் படகுக்குக் காத்திருக்கிறது. இரண்டையும் ஒரே கணக்காகப் பார்க்கத் தெரியாத தலைவர், கோடையில் தண்ணீருக்கும் மாரியில் நிவாரணப் பொதிக்குமாகக் கடிதம் எழுதிக்கொண்டே தன் காலத்தை முடித்துவிடுவார்.

மன்னார்த் தீவுப் பகுதியின் சிக்கல் வேறு. கடல் மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்த மணல் நிலம் அது. மழைநீர் வடிய வழி விடாமல் போடும் ஒரு வீதியே ஒரு கிராமத்தைக் குளமாக்கப் போதும். தென்கரையில் தம்பபவனி மின்திட்டத்தின் 30 காற்றாலைகள் எழுந்த பின் நீர் வடியும் வழிகள் அடைபட்டன என்பது அங்குள்ளவர்களின் நெடுநாள் முறைப்பாடு. 2025 ஆகஸ்டில் மன்னார் நகரில் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் தெருவுக்கு வந்து போராடியதில் இந்த வடிகால் கோபமும் கலந்திருந்தது. சூழலுக்கு நல்லது என்று சொல்லப்படும் ஒரு திட்டத்தைப் பற்றி, அது எங்கே அமையலாம், எங்கே கூடாது என்று வரைபடத்தை விரித்துப் பேசக்கூடிய நகரசபை உறுப்பினர் எத்தனை பேர்? அவர்களைக் குறை சொல்லவில்லை. யாரும் அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

திட்டங்கள் இல்லாமலும் இல்லை. போருக்குப் பின் ஐ.நா. மனிதக் குடியிருப்பு நிறுவனம் அவுஸ்திரேலிய உதவியோடு மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களுக்கு அனர்த்தம் தாங்கும் நகர அபிவிருத்தி உபாயங்களை வகுத்தது. அவற்றைக் கையிலெடுத்து வழிநடத்த ஆள் வேண்டும். உறுப்பினர்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவார்கள். ஆகவே பயிற்சி அவர்களோடு நின்றுவிடாமல் சபைச் செயலாளர்கள், தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள், கிராம அலுவலர்கள் வரை போகவேண்டும்.

கேரளம் இதில் நமக்கு முன்னே நிற்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு அங்குள்ள 1,034 கிராம, நகர சபைகளும் தத்தம் ஊருக்கான பேரிடர்த் திட்டத்தை எழுத வைக்கப்பட்டன. திருச்சூரிலுள்ள கிலா என்னும் உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனம் அதற்குத் துணைநின்றது. அவர்கள் தங்கள் மொழியிலேயே, தங்கள் ஊரின் ஓடைகளையும் சரிவுகளையும் குறித்து எழுதினார்கள். நமக்கும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இலங்கை உள்ளூராட்சி நிறுவகம் இருக்கிறது. மண்டபத்தில் திரைக்காட்சி போட்டு, சான்றிதழ் கொடுத்து, மதிய உணவோடு முடிக்கும் பயிற்சி நமக்கு உதவாது. ஒரு தவிசாளர் கையெழுத்திடும் கட்டட அனுமதிதான் அவருடைய மிகப் பெரிய காலநிலைத் தீர்மானம். வாய்க்காலை மண் போட்டு மூடி எழும் வீட்டுக்கு அனுமதி மறுக்கும் துணிவும், ஏன் மறுக்கிறோம் என்று உறவுக்காரருக்கே விளக்கும் அறிவும் அவருக்கு வேண்டும்.

முதல் அணியை அடுத்த ஆகஸ்டிலேயே மடுவுக்கு அழைத்துவரலாம். மன்னார், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு சபைகளிலிருந்து வரட்டும். ஒரு வாரம் ஏற்பாட்டுக் குழுவோடு தங்கட்டும். ஒரு லட்சம் பேருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று தாங்களே கணக்குப் போடட்டும். பிறகு மாரி தொடங்கும் முன் அதே ஆட்களைத் தேக்கம் அணைக்கட்டுக்குக் கூட்டிச் செல்லவேண்டும். நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமக்காரர் அமைப்பின் முதியவர் ஒருவரும் பக்கத்தில் நிற்க, மேலே அநுராதபுரத்தில் கதவு திறந்தால் எத்தனை மணித்தியாலத்தில் தண்ணீர் எந்த ஊரைத் தொடும், முதல் தொலைபேசி அழைப்பு யாருக்குப் போகவேண்டும், அது எந்த மொழியில் போகும் என்று வரைபடத்தில் எழுதவேண்டும். அந்த வரைபடம் ஒவ்வொரு சபை மண்டபத்தின் சுவரிலும் தொங்கட்டும்.