சைக்கிளுக்குப் பொய் வயது எதற்கு?

தாராவியில் நம் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பார்சல் ஆபீஸில் எனக்கு வார ஓய்வு ஞாயிற்றுக்கிழமை. அன்று அவர் கடையில் போய் உட்காருவது வழக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிறு அங்கே வாக்குவாதம் ஒன்று நடந்தது.

பாந்திராவில் இருந்து ஓர் இளைஞர் பழைய சைக்கிள் ஒன்றை டெம்போவில் கொண்டு வந்து இறக்கினார். மெலிந்த குழாய்கள், கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில் பார், மூன்று கியர் கொண்ட பின் சக்கரம். இங்கிலாந்தில் செய்த 'லைட்வெயிட்' ரகம். கம்பெனிப் பெயர் எங்கும் இல்லை.

"இது 1938 மாடல். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவரிடம் எங்கள் தாத்தா வாங்கியது. பெயிண்டை முழுக்க உரித்து, புதுசு அடித்து, மற்றதற்கெல்லாம் குரோமியம் ஏற்றித் தாருங்கள். விற்கப் போகிறேன்" என்றார் இந்தியில்.

அண்ணாச்சி பதில் பேசவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் பின் ஹப்பைத் துடைத்தார். ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற பெயர் தெரிந்தது. பக்கத்தில் 51, அதற்கடுத்து 4.

"தம்பி, இந்த ஹப்பு 1951 ஏப்ரல்லே செஞ்சது. நீங்க 38-ங்கீங்களே?" என்றார்.

இளைஞருக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்படியானால் என் தாத்தா பொய் சொன்னாரா?" என்று கேட்டார்.

இல்லை என்பது என் அபிப்பிராயம். அதே சமயம் தாத்தா சொன்னது நிரூபணமாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். ரயில் பெட்டியைப் பாருங்கள். அது கட்டிய வருஷம் ஒன்று, ஒர்க்‌ஷாப்பில் கடைசியாகப் பழுது பார்த்த தேதி வேறு, அடியில் ஓடும் சக்கரம் வந்த நாள் இன்னொன்று. சக்கரத்தின் தேதியைப் பெட்டியின் பிறந்த தேதி என்று எந்தக் குமாஸ்தாவும் ரிஜிஸ்டரில் எழுத மாட்டான். சைக்கிளுக்கு மட்டும் ஏன் எழுதுகிறோம்?

இந்த லைட்வெயிட் சைக்கிள்களை அங்கே ஓட்டியவர்கள் பெரும்பாலும் பிரபுக்கள் அல்ல. பாக்டரித் தொழிலாளி, கடைச் சிப்பந்தி, நம்மைப் போன்ற ஆபீஸ் குமாஸ்தா. வாரம் முழுவதும் அதே சைக்கிளில் வேலைக்குப் போவார்கள். ஞாயிறு விடியற்காலை பந்தயத்துக்குப் போவார்கள். முன் சக்கரத்தின் இரு புறமும் பந்தயச் சக்கரங்களைக் கட்டிக்கொண்டு போய், அங்கே சக்கரத்தை மாற்றி ஓட்டிவிட்டு, மறுபடியும் பழைய சக்கரத்தைப் பூட்டி வீடு திரும்புவதும் உண்டு. 1894-ல் பர்மிங்காமில் தோன்றிய கிளாரியன் சைக்கிள் சங்கம் ஒரு சோஷலிஸ்டுப் பத்திரிகையின் வாசகர்கள் கூடி அமைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

கையில் காசு சேர்ந்தால் நல்ல பிரேக் வாங்குவார்கள். அடுத்த வருஷம் கியர் ஹப். பெயிண்ட் மங்கினால் பிரேமைக் கடைக்கு அனுப்பிப் புது வர்ணம் ஏற்றிக்கொள்வார்கள். அப்போதே கியருக்கு வேண்டிய கொக்கியையும் பற்றவைத்துக்கொள்வார்கள். ஆகவே ஒரே சைக்கிளில் நாலைந்து வருஷங்கள் குடியிருக்கும். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. சம்பளக்காரன் சைக்கிள் அப்படித்தான் இருக்கும்.

வயது காண வேண்டுமானால் பொறுமை வேண்டும். ஸ்டர்மி-ஆர்ச்சர் நாட்டிங்காமில் செய்த மகாயுத்தத்துக்குப் பிந்திய ஹப்புகளில் வருஷமும் மாதமும் பொறித்திருக்கும். வில்லியம்ஸ் கம்பெனி கிராங்கின் பின்புறம் ஆண்டைக் குறிக்கும் எழுத்து உண்டு. ரெனால்ட்ஸ் 531 என்ற ஒட்டுப்படம் பிரேமில் இருந்தால் 1935-க்கு முந்தியது அல்ல, ஏனென்றால் அந்த மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகுக் குழாய் வந்ததே அந்த வருஷம்தான். அந்த ஒட்டுப்படத்தின் வடிவமும் காலத்துக்குக் காலம் மாறியது. முலாமில் லேசான மஞ்சள் ஒளி தெரிந்தால் நிக்கல். நீலம் ஓடினால் குரோமியம். குரோமியம் பரவலானது 1930 வாக்கில்.

பிரேம் நம்பர் ஒன்றே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ரிஜிஸ்டர் இல்லாத நம்பர் வெறும் நம்பர்தான். பார்சலில் ரசீது தொலைந்தவரைக் கேட்டால் தெரியும். சிறு கடைகள் பலவற்றின் கணக்குப் புத்தகங்கள் கடையோடு போய்விட்டன. சில கம்பெனிகளின் விவரம் மட்டும் மிஞ்சியது. 1955-ல் தோன்றிய இங்கிலாந்தின் வெட்டரன்-சைக்கிள் கிளப் அன்பர்கள் அதைக் கட்டிக் காத்து வருகிறார்கள்.

இன்னொன்று. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயரைக் கண்டதும் சீமைச் சரக்கு என்று துள்ள வேண்டாம். இங்கிலாந்துக் கம்பெனியின் கூட்டோடு 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸும் அந்தப் பெயர்களில் விற்றது. ராலே என்றால் அது அசன்சோலில் செய்ததாகவும் இருக்கலாம்.

அன்று அண்ணாச்சி ஒட்டுப்படத்தைத் தேடினார். சீட்டுக்குக் கீழே பச்சைப் பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் 531 என்ற எண்ணில் பாதி தெரிந்தது. அதன் அடியில் நீலம், நீலத்தின் மேல் தங்கக் கோடு. ஆக, பிரேம் ஒரு தடவையாவது மறு வர்ணம் கண்டது. 1935-க்குப் பிந்தியது. அவ்வளவுதான் சொல்ல முடியும். 1938 ஆகவும் இருக்கலாம். பழைய ஹப்பைப் பிந்திய பிரேமில் பூட்டியதாகவும் இருக்கலாம்.

இந்த நிலையில் பெயிண்டை உரித்தால் என்ன ஆகும்? இருந்த சாட்சியும் போய்விடும். அது மட்டுமல்ல. அந்தக் குழாய் முனையில் தடிப்பு, நடுவில் மெலிவு. நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. துருவெடுக்க மணல் வீச்சுக்கு அனுப்பினால் குழாயையும் சேர்த்துத் தின்றுவிடும். துடைக்கலாம், எண்ணெய் போடலாம், பால்ரஸ் மாற்றலாம், சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கலாம். கிராங்கில் இறுகிப்போன காட்டர் பின்னுக்கு இரண்டு மூன்று நாள் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, அடியில் முட்டுக் கொடுத்த பிறகே சுத்தியலைத் தொட வேண்டும். பெடல் அச்சின் கப்பை மாற்றுமுன் மரையை எண்ணிப் பார்க்க வேண்டும். பொதுவாக அங்குலத்துக்கு 24. ராலே 26 வைத்தது. தெரியாமல் திணித்தால் பிரேமே பாழ்.

முழுப் பெயிண்ட், முழு முலாம் என்றால் அண்ணாச்சிக்கு நல்ல கூலி. துடைத்து எண்ணெய் போடுவதற்கு யார் என்ன கொடுத்துவிடப் போகிறார்கள்? கடை வாடகை ஏறிக்கொண்டே போகிறது. ஆனாலும் அவர் மாட்டேன் என்றார். பிழைக்கத் தெரியாதவர் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

எங்கள் தாத்தாவின் சைக்கிள் ஊரில் திண்ணையில் கிடந்தது. ஆறு வருஷத்துக்கு முன் ஆயுத பூஜைக்கு லீவில் போனவன், பக்தியோடுதான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கறுப்பு அடித்தேன். ஒட்டுப்படம் போயிற்று. சீட்டுக் குழாயில் தாத்தா ஆணியால் கீறி வைத்திருந்த கோடுகளும் போயின. அது கடனுக்கு வாங்கிய சைக்கிள் என்றும், ஒவ்வொரு தவணை கட்டிய அன்றும் ஒரு கோடு கீறினார் என்றும் ஆச்சி பிறகுதான் சொன்னாள். எத்தனை கோடுகள் இருந்தன என்று கேட்டாள். எனக்கு நினைவில்லை.

இதை அந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். "விலை குறையுமே" என்றார். குறையலாம். 1938 என்று சொல்லி விற்றால் கூடுதலாகக் கிடைக்கலாம். வாங்குகிறவர் ஹப்பைத் துடைத்துப் பார்க்கும் நாள் வரை.

அண்ணாச்சி ரசீதுப் புத்தகத்தை எடுத்து இப்படி எழுதிக் கொடுத்தார்: "பிரேம், வருஷம் தெரியவில்லை, 1935-க்குப் பின். பின் ஹப், 1951 ஏப்ரல். துடைத்து ஓட்டம் சரி செய்வது மட்டும்." இளைஞர் நின்று, என்னை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சைக்கிள் இன்னும் கடையில்தான் இருக்கிறது. ரிம் 26-க்கு 1¼, அதாவது 597 மில்லிமீட்டர். நம் ஊர் 26-க்கு 1⅜ டயர் 590. ரிம்மில் ஏற மறுக்கிறது. சரியான டயருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.