பூவும் வேலியும்

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் எம் வீட்டில் ஒரு சிறு சச்சரவு எழுவது வழக்கம். மழை சற்று ஓய்ந்ததும் குடையையும் கமராவையும் எடுத்துக்கொண்டு நாம் மிதிவண்டியிற் புறப்பட்டுவிடுவோம். "காய்ச்சல் வந்தால் ஆர் பார்க்கிறது?" என்று இல்லாள் கேட்பாள். கேள்வி நியாயமானதே. ஆயினும், கார்த்திகைப்பூ எமக்காகக் காத்திருப்பதில்லையே!

சங்கப் புலவர் காந்தள் என்று போற்றிய மலர் இது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களுள் முதலில் நிற்பதும் இதுவே. மாரி மழையிற் கிழங்கிலிருந்து முளைத்து, இலை நுனிகளைச் சுருட்டி வேலியைப் பற்றி ஏறும். பூவின் முகம் நிலத்தை நோக்க, நெளிந்த ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடிந்து நிற்கும். முதலிற் பசுமையும், பின்னர் மஞ்சளும் சிவப்பும், ஈற்றில் முழுச் சிவப்புமாக நிறம் மாறும். ஆதலின் ஒரே பூவைப் பல நாள் சென்று பார்த்தல் வேண்டும்.

தொடக்கத்தில் எமக்குக் கிடைத்தவை தோல்விகளே. நண்பகல் வெயிலில் எடுத்த படங்களில் இதழ்கள் வெறும் சிவப்புத் திட்டுகளாகத் தோன்றின. முகில் மூடிய காலைப் பொழுதே ஏற்றது என்பதைப் பிறகு கற்றோம். வாடைக்காற்று சற்று அசைத்தாலும் உருவம் கலங்கிவிடும். 1/500 செக்கன் அளவான வேகத்திற் படம் பிடித்தே அதனை வென்றோம்.

எஞ்சிய இடையூறு வேலிதான். கிளுவைக் கதியாலும் உக்கிய கிடுகும் பூவின் அழகைக் கெடுப்பதாக எமக்குத் தோன்றிற்று. பேர்லின் நகரிற் கலை ஆசிரியராக விளங்கிய கார்ல் புளொஸ்பெல்ற் என்பவர், மாணவருக்குச் செடிகளின் வடிவைக் கற்பிப்பதற்காக அவற்றைப் பெருப்பித்துப் படம் எடுத்தவர். 1928இல் அப்படங்கள் நூலாக வெளிவந்தபோது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். வெறுமையான பின்னணியிற் செடியை மட்டும் காட்டுவது அவர் முறை. ஆசிரியத் தொழில் புரியும் எமக்கு அம்முறை பிடித்துப்போயிற்று. பூவின் பின்னே கறுப்புத் துணியொன்றைத் தொங்கவிட்டு வேலியை மறைத்தோம். படங்களும் மிக நன்றாக அமைந்தன.

கோப்பாயில் ஓர் ஒழுங்கையில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இவ்வாறு படம் எடுத்தோம். அவ்வீட்டு ஆச்சி, "தம்பி, உதின்ரை கிழங்கு நஞ்சு, தொட்டால் கையைக் கழுவுங்கோ" என்று எச்சரித்துத் தேநீரும் தருவார். சென்ற ஆண்டு போனபோது வேலி இருந்த இடத்தில் மதில் நின்றது. வெளிநாட்டிலுள்ள மகன் பணம் அனுப்பிக் கட்டுவித்தாராம். அத்திவாரம் வெட்டியபோது கிழங்குகளும் போய்விட்டன.

ஆச்சி எம்மிடம் ஒரு படம் கேட்டார். மகிழ்ச்சியுடன் நாற்பது படங்களைக் கொண்டுபோய்க் காட்டினோம். ஒவ்வொன்றாகப் பார்த்தவர் மெல்லச் சொன்னார்: "பூ வடிவாய்த்தான் இருக்குது, தம்பி. ஆனால், அவர் நட்ட கதியால் ஒண்டிலையும் தெரியேல்லையே."

அவர் என்றது காலமாகிவிட்ட தம் கணவரை. எமக்கு மறுமொழி தோன்றவில்லை. அழகைக் கெடுக்கும் என்று எண்ணி நாம் மறைத்த வேலியையே அவ்வம்மையார் தேடினார்.

புளொஸ்பெல்ற் செய்ததிற் பிழையில்லை. அவர் நோக்கத்துக்கு அது பொருந்திற்று. கார்த்திகைப்பூவோ பற்றி ஏறுவதற்கு ஒரு வேலியை வேண்டுவது. எம் ஊர்களில் அவ்வேலிகளை நட்டவர்களும் இருந்தனர். இப்போது நாம் எங்குச் சென்றாலும் கறுப்புத் துணியை விரிக்குமுன், சற்றுப் பின்வாங்கி நின்று, வேலியும் ஒழுங்கையும் தெரிய ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம். ஊர், நாள், பூவின் பெயர் ஆகியவற்றையும் குறித்து வைக்கிறோம்.

கைத்தொலைபேசியிலேயே கமரா வாய்த்துள்ள மாணவச் செல்வங்கள் வரும் கார்த்திகையில் இதனைச் செய்து பார்ப்பார்களாக. ஆச்சிக்கு மட்டும் அந்தப் படத்தை எம்மாற் கொடுக்க இயலவில்லை.