வரைபடத்தின் அளவும் சான்றின் மதிப்பும்: மணப்பாட்டுக் கடற்கரையை முன்வைத்து

தமிழ் ஆய்வேடுகளில் இடம்பெறும் படங்கள் இருவகையின. சில, சொல்லப்பட்ட கருத்தை விளக்க வருபவை. அவை சற்றுப் பெருத்தாலும் சிறுத்தாலும் கேடில்லை. வேறு சில, தாமே சான்றாக நிற்பவை. அவற்றின் அளவு மாறினால் சான்றும் மாறிவிடும். இந்த வேறுபாட்டை நம் ஆய்விதழ்கள் பெரும்பாலும் கருதுவதில்லை. மேற்கோளில் ஓர் எழுத்துப் பிழைபட்டால் சுட்டிக்காட்டும் மதிப்பீட்டாளர், படத்தின்மேல் அளவுகோலை வைத்துப் பார்ப்பதில்லை. எழுத்தின் ஒலியைக்கூட மாத்திரை கொண்டு அளந்த மரபுக்கு இது பொருந்தாத அசட்டை.

முத்துக்குளித்துறை ஊர்களின் தொழிற்சொற்களைத் தொகுப்போர்க்கு இச்சிக்கல் எளிதில் புலப்படும். மணப்பாட்டிலோ அதன் அண்டை ஊர்களிலோ வலைப்பெயர்களைத் தொகுக்கும்போது, ஒரு வலையை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் கூறுகளுள் வலைக்கண்ணின் அளவு முதன்மையானது. சாளை வலைக்கும் பெருமீன் பிடிக்கும் வலைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொற்பொருளாக எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். இயல்பான அளவில் கண்ணை வரைந்து காட்டினால்தான் அது சான்றாகும். முத்துத் தரம் பிரிக்கும் பித்தளைச் சல்லடைகளும் அத்தகையன. 20 துளை உடையது முதல் 1000 துளை உடையது வரை பத்துச் சல்லடைகள் மன்னார் வளைகுடா முத்துச் சலாபங்களில் வழங்கின. துளைகளின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு துளையின் வாயும் சிறுக்கும். எந்தச் சல்லடையில் முத்துத் தங்குகிறதோ அதுவே அதன் தரம். இச்சல்லடைகளை வரையும் ஒருவர் துளையின் அளவைப் பிழைபடக் காட்டினால், தரப்பெயர்களின் பொருளையே பிழைபடக் காட்டியவர் ஆவார்.

இத்தகைய கோட்டுப்படங்களை இன்று பலரும் வெக்டார் வடிவில் வரைகிறோம். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு சிதையாது என்பதே அதன் சிறப்பாகச் சொல்லப்படுகிறது. அச்சிறப்பே ஆபத்தும் ஆகிறது. ஒளிப்படத்தை அளவுமீறிப் பெருக்கினால் அது மங்கி, தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வெக்டார் படமோ எந்த அளவிலும் தெளிவாகவே தோன்றும். அளவு பிழைத்துவிட்டது என்பதற்கு அதன் முகத்தில் எவ்வித அடையாளமும் இராது.

பிழை நேரும் இடம் பெரும்பாலும் ஒன்றே. எஸ்.வி.ஜி. கோப்பில் படத்தின் அகலமும் உயரமும் மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருந்தால் ஐயமில்லை. அலகின்றி வெறும் எண்ணாக இருந்தால், அதைப் படிக்கும் மென்பொருள் தன் வழக்கப்படி பொருள்கொள்ளும். இணைய உலாவிகள் ஓர் அங்குலத்தை 96 பிக்சலாகக் கொள்கின்றன. பி.டி.எஃப். ஆவணத்தின் அடிப்படை அலகு அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. இல்லஸ்ட்ரேட்டரும் அக்கணக்கையே பின்பற்றுகிறது. இன்க்ஸ்கேப் 2017இல் வெளிவந்த 0.92 பதிப்புக்கு முன்பு 90 என்றும், அதன்பின் 96 என்றும் கொண்டது. அகலம் உயரம் இரண்டும் இல்லாமல், ஆயங்களின் எல்லையை மட்டும் சொல்லும் கோப்பாயின், கிடைத்த இடமெல்லாம் படம் நிறைந்துகொள்ளும்.

மணப்பாட்டுக் கடற்கரையின் வரைபடம் ஒன்றை 1:5000 என்ற அளவில் வரைவதாகக் கொள்வோம். 500 மீட்டர் தொலைவு தாளில் 100 மி.மீ. ஆகும். ஓர் அங்குலத்துக்கு 96 என்ற கணக்கில் அது 378 பிக்சல். அதே 378ஐ அங்குலத்துக்கு 72 என்று மற்றொரு மென்பொருள் படித்தால் தாளில் 133 மி.மீ. வரும். படத்தின்கீழ் ‘அளவு 1:5000’ என்ற குறிப்போ மாறாமல் நிற்கும். அதை நம்பி அளக்கும் வாசகர்க்கு 500 மீட்டர் 667 மீட்டராகிவிடும். கருமேனியாற்றின் கழிமுகமும் கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல்திட்டும் காலந்தோறும் உருமாறுபவை. இரு வேறு ஆண்டுகளின் வரைபடங்களை ஒப்பிட்டு மணல்திட்டு வளர்ந்ததா தேய்ந்ததா என்று ஆராயும் ஒருவர்க்கு, மென்பொருளின் கணக்கு வேறுபாடே நில மாற்றமாகத் தோன்றக்கூடும். துறைப்பெயர்களை நில அமைப்போடு பொருத்திப் பார்க்கும் இடப்பெயராய்வுக்கும் இது சிறு இடர் அன்று.

முத்துக்குளித்துறையோடு தொடர்புடைய மற்றொரு சான்று தமிழ் அச்சு வரலாற்றுக்கே அடிப்படையானது. மணப்பாட்டுக்கு வடக்கே புன்னைக்காயலை மையமாகக் கொண்டு பணியாற்றிய அன்றீக்கே அன்றீக்கசு அடிகளார் ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. 16 பக்கங்கள் கொண்ட அந்நூலின் பக்கம் ஏறத்தாழ 10 × 14 செ.மீ. அளவுடையது. அதன் இறுதிப் பக்கத்தில் 1577இல் கோவாவில் வார்த்த எழுத்துகளும் 1578இல் கொல்லத்தில் வார்த்த எழுத்துகளும் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன. இருவகை எழுத்துகளின் உயரத்தையும் கோட்டின் தடிப்பையும் அளந்து ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல இடம் வேறில்லை. அப்பக்கத்தின் எழுத்துகளைக் கோட்டுருவாக்கி ஆய்வேட்டில் சேர்ப்போர் செய்வது என்ன? ஏ4 தாளில் இடப்பக்கம் 1.5 அங்குலமும் வலப்பக்கம் 1 அங்குலமும் ஓரம் விட்டால் எஞ்சும் அகலம் 146.5 மி.மீ. படம் அதை நிறைக்குமாறு இழுக்கப்படுகிறது. அப்போது 5 மி.மீ. உயரமுள்ள எழுத்து 7 மி.மீ.க்கு மேல் உயர்ந்துவிடும். அவ்வேடு நூலாகி, அச்சுப்பரப்பின் அகலம் 105 மி.மீ. ஆகச் சுருங்கும்போது அதே எழுத்து 5.25 மி.மீ. ஆகும். ஒரே எழுத்துக்கு இரண்டு உயரங்கள். இரண்டும் அச்சில் உள்ளவை. இரண்டும் மேற்கோளாகத் தக்கவை.

படம் சுருங்கும்போது கோட்டின் தடிப்பும் உடன் சுருங்கும் என்பதையும் மறத்தல் ஆகாது. தமிழி எழுத்துகளின் கோட்டுருவில் அரைப்புள்ளித் தடிப்பில் இட்ட கோடு, படம் கால்பங்காகும்போது புள்ளியில் எட்டில் ஒன்றாகிறது. சாதாரண அச்சில் அது இருந்தும் இல்லாததே. மெய்யெழுத்தின் புள்ளி அவ்வாறு மறைந்தால் வாசிப்பே வேறாகும்.

இவையெல்லாம் அச்சகத்தாரின் பணி, ஆய்வாளர் கவலை அன்று என்று சொல்வாருண்டு. பக்கத்தை அழகுற நிரப்புவதே அச்சகத்தாரின் நோக்கம்; அதில் அவர்மேல் குறையில்லை. அந்தப் படத்தில் எது அளக்கத்தக்கது என்பதை அறிந்தவர் வரைந்தவர் ஒருவரே. தவிரவும், இன்று ஆய்வேடுகளையும் இதழ்களையும் தானியங்கியாகப் பக்கமாக்கும் மென்பொருள்களிடம் ‘அகலத்துக்குப் பொருத்து’ என்ற கட்டளை முன்கூட்டியே அமைந்திருக்கிறது. யாரும் முடிவெடுக்காமலேயே அளவு மாறிவிடுகிறது.

எனவே, சான்றாக நிற்கும் படங்களுக்கு விகிதக் குறிப்பை மட்டும் ஏற்பதை இதழ்கள் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. 1:5000 என்பது தாளின் அளவைச் சார்ந்த வாக்கு. தாள் மாறினால் பொய்க்கும். படத்துக்குள்ளேயே வரையப்பட்ட அளவுக்கோடு படத்தோடு பெருத்துப் படத்தோடு சிறுப்பதால் ஒருபோதும் பொய்க்காது. அளவுக்கோட்டைப் பக்க அமைப்பின்போது தனியே ஒட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது விகிதக் குறிப்பைவிடவும் கேடானது. இயல்பளவில் இருந்தே ஆகவேண்டிய வலைக்கண், சல்லடைத் துளை, அச்செழுத்து ஆகியவற்றுக்கு அகலமும் உயரமும் மில்லிமீட்டரில் எழுதப்பட்ட கோப்பே பெறப்பட வேண்டும். நூறு விழுக்காட்டு அளவில் பக்கத்தில் அடங்காதது மடிப்புத்தாளாகச் செல்லட்டும். பி.டி.எஃப். கோப்பை அச்சிடும்போதும் ‘உண்மை அளவு’ என்பதைத் தேர்ந்தாக வேண்டும். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று விட்டால் சில விழுக்காடு அங்கேயும் குறையும்.

மெய்ப்பு நிலையில் செய்யத்தக்க சோதனை மிக எளியது. வரைபவர் தம் கோப்பின் ஓரத்தில் 50 மி.மீ. கோடு ஒன்றை இட்டு அனுப்ப, மெய்ப்புத் தாளில் அதனை அளந்தால் போதும். 37.5 மி.மீ. இருப்பின் 72 கணக்கில் எழுதிய கோப்பை 96 கணக்கில் படித்திருக்கிறார்கள். 66.7 இருப்பின் அதற்கு மறுதலை. 47க்குச் சற்றுக் குறைவாக இருப்பின் பழைய இன்க்ஸ்கேப்பில் வரைந்த கோப்பாக இருக்கலாம். இவற்றுள் எதிலும் அடங்காத எண் வந்தால் பக்கத்துக்கேற்பப் படத்தை யாரோ இழுத்திருக்கிறார்கள். அச்சுக்குப் போகுமுன் அவரைக் கேட்டுவிடலாம்.